தரைத்தளத்து ஓட்டு

எல்லோரும் ரேடியோ என்று கூப்பிடுகிறவள் வந்து, தரைத்தள வீட்டின் ஜன்னல் விளிம்பில் கையை ஊன்றி நின்றபோது, சாவிக்காரம்மா ஒரு பித்தளைச் சாவியின் நான்காவது பல்லை அரத்தால் இழைத்துக்கொண்டிருந்தாள். அந்த வேலை நடக்கும்போது யார் கூப்பிட்டாலும் அவள் நிமிர மாட்டாள். நிமிர்ந்தால் கை மயிரளவு நகரும். மயிரளவு நகர்ந்தால் சாவி பூட்டுக்குள் போகும், ஆனால் திரும்பாது. அப்படிப்பட்ட சாவிக்குச் சாவியே இல்லாமல் இருப்பது மேல் என்பது அவள் கட்சி. ரேடியோவுக்கும் இது தெரியும். தெரிந்தும் பேசிக்கொண்டுதான் இருப்பாள். அந்தப் பெயர் சும்மா வரவில்லை. அந்த ஐந்து மாடிக் கட்டடத்தில் ஐந்து வீடுகளுக்குத் தரை துடைத்துப் பாத்திரம் கழுவுகிறவள் அவள். காலை ஏழு மணிக்கு நுழைவாயிலில் தொடங்கும் குரல், பகல் ஒரு மணிக்கு அவள் வெளியே போகும்வரை ஏதாவது ஒரு மாடியிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கும். குரல் எந்த மாடியில் என்பதை வைத்துக் கடிகாரம் பார்க்காமலே மணி சொல்லிவிடலாம்.

“அக்கா, ஒரு கார்டு அடிச்சுக் குடு.”

“என்ன கார்டு?”

“லிஃப்ட் கார்டு. ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்குறா பாரு. நாப்பது கார்டு உன்கிட்டதான் வருதாம், மூணாம் மாடியில பேசிக்கிறாங்க. நாப்பதோட ஒண்ணு நாப்பத்தொண்ணு. யாரு எண்ணப் போறா?”

சாவிக்காரம்மா அரத்தைக் கீழே வைத்தாள். போன வாரம் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் ஜன்னலுக்கு வந்து, காந்த அட்டை நாற்பது வேண்டும், விலை என்ன என்று கேட்டுவிட்டுப் போனது உண்மை. அட்டை பதியும் இயந்திரம் ஒன்றை இரண்டு வருடம் முன்பு ஆசைப்பட்டு வாங்கி, அதன் மேல் துணியைப் போர்த்திவைத்திருந்தாள். மாதத்தில் ஒரு முறை, இரண்டு முறை அந்தத் துணி விலகும். நாற்பது என்றதும் மனசு குளிர்ந்துபோய், எதற்கு என்று கேட்காமலே விலை சொல்லிவிட்டாள். கேட்டிருக்க வேண்டியதில்லை. சாவி வெட்டுகிறவள் எந்தக் கதவுக்கு என்று கேட்பதில்லை. சாவி கேட்டு வந்தவருடையதுதானா என்று மட்டும் பார்ப்பாள்.

எதற்கு என்பதை ரேடியோ சொன்னாள். லிஃப்ட் பக்கத்தில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறதாம். அடுத்த மாதம் முதல் அட்டை காட்டினால்தான் லிஃப்ட் நகரும். வீட்டுக்கு இரண்டு அட்டை. வேலைக்கு வருகிறவர்கள், சாமான் கொண்டுவருகிறவர்கள் எல்லாம் படி. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் ஓட்டெடுப்பு, ஆனால் அது சும்மா பேச்சுக்கு. ஒட்டியாகிவிட்டது என்றால் முடிந்தது என்றுதான் அர்த்தம். போன வருடம் ஈரத் தரையில் விழுந்து ரேடியோவின் வலது முட்டி விலகிப்போனது. மருத்துவர் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தால் யார் சம்பளம் தருவார்கள் என்று அவரையே கேட்டுவிட்டு வந்தவள்.

“அஞ்சாம் மாடியில ரெண்டு வீடு, நாலுல ஒண்ணு, மூணுல ரெண்டு. ஏறி எறங்கி ஏறி எறங்கி, என் முட்டி என்னத்துக்கு ஆகும்? ஒரு கார்டு குடு, நான் பாட்டுக்குப் போறேன்.”

“அது முடியாது.”

“ஏன் முடியாது? மெஷினு உன்னுது. கை உன்னுது.”

“கார்டு என்னுது இல்ல.”

இருபத்திரண்டு வருடமாக அவள் தொழிலில் ஒரே ஒரு சட்டம். சொந்தக்காரர் கேட்காத சாவியை வெட்டுவதில்லை. வெட்டியதில் ஒன்றைக்கூடத் தனக்கென்று வைத்துக்கொள்வதில்லை. வெட்டும்போது பிசகிப்போன சாவியைக்கூட இடுக்கியில் வைத்து இரண்டாக ஒடித்து, இரண்டு துண்டையும் வந்தவர் கையில் கொடுத்துத்தான் அனுப்புவாள். கட்டடத்தில் பாதிக் கதவுகளின் பல் வரிசை அவள் விரலுக்கு மனப்பாடம். அவள் நினைத்தால் எந்த வீட்டுக்குள்ளும் போகலாம். நினைக்க மாட்டாள் என்று எல்லோருக்கும் தெரிந்திருப்பதால்தான் அந்த ஜன்னல் திறந்திருக்கிறது. இதை எல்லாம் ரேடியோவிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் அதற்கும் ஒன்று வைத்திருப்பாள்.

சொல்லாததற்கும் வைத்திருந்தாள். “சரிதான். உன் நேர்மைய எடுத்து ஏணி மாதிரி சாத்திவை அக்கா, நான் ஏறிப் போறேன்.”

அன்றைக்கு லிஃப்ட் வேலை செய்தும் ரேடியோ படியில் ஏறினாள், வேண்டுமென்றே, ஒவ்வொரு படியிலும் காலை ஓங்கி வைத்து. சாவிக்காரம்மா இழைத்த சாவியின் ஐந்தாவது பல் கெட்டுப்போனது. ஒடித்து உறையில் போட்டுவிட்டு, வேறொரு சாவியை எடுத்து முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

மாலையில் செயலாளர் கீழே இறங்கி வந்ததும் அவரை ஜன்னலுக்குக் கூப்பிட்டாள். அவர் கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். சங்கத்து வேலைக்குச் சல்லிக்காசு வாங்குவதில்லை. லிஃப்டின் எண்ணெய்ச் செலவுக்குக்கூட மூன்று கடையில் விலை கேட்டு, மூன்று சீட்டையும் கோப்பில் வைக்கிறவர். அவரை யாரும் குறை சொல்ல முடியாது. அதுதான் அவரோடு பேசுவதில் உள்ள சிரமம்.

“சார், ஞாயித்துக்கெழம கூட்டத்துல எனக்கும் ரெண்டு வார்த்த பேசணும். ஓட்டும் போடணும்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஜன்னலுக்கு உள்ளே, கைக்கு எட்டும் உயரத்தில், சாவிகள் தொங்கும் பலகைக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் உறையிட்ட கடிதத்தை விரலால் காட்டினார். “வாங்கம்மா, தாராளமா உக்காருங்க. ஆனா லிஃப்ட் விஷயத்துல உங்களுக்கு ஓட்டு கெடையாது. நான் சொல்லல. அது சொல்லுது.”

அந்தக் கடிதம் அங்கே பதினான்கு வருடமாகத் தொங்குகிறது. லிஃப்ட் வைக்கலாம் என்று சங்கம் முடிவெடுத்தபோது, தரைத்தளத்தில் இருக்கிற நாங்கள் எதற்குப் பணம் கட்ட வேண்டும் என்று சண்டைக்கு நின்றவர் அவளுடைய கணவர். பேருந்துப் பணிமனையில் நேரக்காப்பாளர். வண்டி எந்த நிமிடம் புறப்பட்டது, எந்த நிமிடம் வந்தது என்று எழுதி எழுதி, உலகத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம் இருக்கிறது, அதற்குள்தான் எழுத வேண்டும் என்று நம்புகிறவர். மூன்று கூட்டம், நான்கு கடிதம். ஏறாத வண்டிக்கு டிக்கெட் எடுக்க மாட்டோம் என்றார். கடைசியில் சங்கமே இறங்கி வந்து விலக்கு எழுதிக் கொடுத்தது. ஜெயித்த தெம்பில், கடிதம் எழுதிக்கொண்டிருந்த அப்போதைய செயலாளரிடம், “இன்னொரு வரியும் சேத்துக்கங்க, காசு குடுக்காத விஷயத்துல நாங்க வாயும் தெறக்க மாட்டோம், நியாயம்னா ரெண்டு பக்கமும் இருக்கணும்” என்று அவரே சொல்லி எழுதவைத்தார். ‘மேற்படி வீட்டாருக்கு மின்தூக்கி தொடர்பான தீர்மானங்களில் வாக்குரிமை இராது.’ யாரும் கேட்காத வரி. அதைச் சொல்லிச் சொல்லித்தான் அவர் அதிகம் பெருமைப்பட்டார். அவளும்தான். வந்தவர் போனவர் எல்லோருக்கும் காட்டினாள். அன்றிலிருந்து புருஷன், பெண்டாட்டி இரண்டு பேரும் அந்த லிஃப்டுக்குள் கால் வைத்ததில்லை. ஐந்தாவது மாடியில் பூட்டு மாட்டப் போனாலும் கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியில்தான் ஏறுவாள். மூச்சு வாங்கும்போதெல்லாம் உள்ளே ஒரு சந்தோஷம் இருக்கும்: நாங்கள் யாருக்கும் கடன்படாதவர்கள்.

இப்போது கண்ணாடி போட்டுக்கொண்டு அந்தக் கடைசி வரியைப் படித்தாள். வீட்டு வாசலுக்கும் ஜன்னலுக்கும் எதிரில், ஏழு அடி தள்ளி நிற்கிற லிஃப்ட் கதவு அது. அதைப் பற்றிப் பேச வேண்டிய வாயைத் தங்கள் கையாலேயே தைத்துக்கொண்டு, தைத்த நூலை உறை போட்டு மாட்டியிருக்கிறார்கள்.

இரவுச் சாப்பாடு முடிந்து கணவர் தட்டை நகர்த்திவைத்ததும் சொன்னாள். “விலக்கு வேண்டாம்னு எழுதிக் குடுக்கப்போறேன். ஒரு வருஷத்து லிஃப்ட் பணத்தையும் கட்டப்போறேன்.”

“எதுக்கு?”

“ஓட்டுக்கு.”

அவர் சிரித்தார். பிறகு அவள் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்தார். “மாசம் இருநூத்தி நாப்பது. ரெண்டாயிரத்து எண்ணூத்தி எண்பது ஆச்சு. பதினாலு வருஷமா ஏறாத வண்டிக்கு இப்ப டிக்கெட் எடுக்கச் சொல்றியா?”

“ஏற இல்லங்க. வண்டி எந்த வழியா போகணும்னு சொல்ல.”

“அந்த வேலக்காரிக்காகவா? அவ உன்ன ஒரு நாளாவது மரியாதையா பேசியிருக்காளா?”

 ரேடியோவுக்காக என்று சொன்னால் அது பொய். ரேடியோவே அதைக் கேட்டால் முகத்துக்கு நேரே சிரிப்பாள். தன் கையால் பதியப்போகிற நாற்பது அட்டையும் யாரை உள்ளே விடுவதற்கு, யாரை வெளியே நிறுத்துவதற்கு என்று தெரிந்துபோனது. தெரிந்த பிறகு தெரியாததுபோல் இருப்பது அவளுக்குக் கைவராது. அவ்வளவுதான் விஷயம். வேலையை வேண்டாம் என்று சொல்லிவிடலாம். அப்படிச் செய்தால் அடுத்த தெருக் கடைக்காரன் பதிந்து கொடுப்பான். அவளுடைய கை சுத்தமாக இருக்கும், படி அப்படியே இருக்கும்.

“அந்த வரிய நீங்க எழுதவெச்சது தப்புங்க” என்றாள். கல்யாணம் ஆகி இத்தனை வருடத்தில் அந்தக் கடிதத்தைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அவர் எழுந்துபோய்க் கை கழுவினார். தேவைக்கு மேல் நேரம் குழாயைத் திறந்துவைத்திருந்தார். தண்ணீரை வீணாக்குகிறவர் இல்லை அவர். திரும்பி வந்து, “அது நியாயமான வரி” என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை அவள் பணத்தையும் ஒரு வரிக் கடிதத்தையும் செயலாளர் முன் வைத்தாள். அவர் எண்ணவில்லை, முதலில் விதிப் புத்தகத்தை எடுத்தார். பக்கங்களைப் பின்னிலிருந்து முன்னாகப் புரட்டினார். அவள் நின்றுகொண்டே இருந்தாள். அவருக்கு இது பிடிக்கவில்லை என்பது தெரிந்தது. பிடிக்காததைத் தடுக்க ஒரு விதியைத் தேடுகிறார் என்பதும் தெரிந்தது. கடைசியில் புத்தகத்தை மூடினார்.

“விலக்கு நீங்க கேட்டு வாங்கினது. வேண்டாம்னு திருப்பிக் குடுக்கறதும் உங்க இஷ்டம்தான். தடுக்க விதி எதுவும் இல்ல.” ரசீதை எழுதி, அடிக்கோல் வைத்து நேராகக் கிழித்துக் கொடுத்தார். “ஒரு விஷயம் கேக்கலாமாம்மா? கார்டு வந்தா உங்களுக்கு லாபம். அத எதுத்து ஓட்டுப் போட நீங்களே காசு கட்டறீங்க. எனக்குக் கணக்கு புரியல.”

“எனக்கும் முழுசா புரியல சார். ஞாயித்துக்கெழமக்குள்ள புரிஞ்சுக்கறேன்.”

ரசீதை ரேடியோவிடம் காட்டியது அவள் செய்த தவறு. கொஞ்சம் மெச்சுவாள் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ. ரேடியோ ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு அதை வாங்கிப் பார்த்தாள்.

“ரெண்டாயிரத்து எண்ணூத்தி எண்பதா? அப்ப நான் கட்டினா எனக்கும் ஓட்டு உண்டா?”

“வீடு இருக்கறவங்களுக்குத்தான்.”

“ஓஹோ. ஏறப்போறது நான். முட்டி என்னுது. ஓட்டு உனக்கு.” ரசீதைத் திருப்பிக் கொடுத்தாள். “நல்லா இருக்கு அக்கா உங்க நியாயம். எனக்காகன்னு மட்டும் அங்க போய்ப் பேசிடாத. எனக்கு வாய் இருக்கு.”

அன்று பகல் முழுக்க சாவிக்காரம்மாவுக்கு இந்தப் பேச்சு பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி இருந்தது. பணம் கட்டியவனுக்குத்தான் பேச்சு என்பது அவளுக்கும் பிடிக்காத கணக்குதான். ஆனால் அந்தக் கணக்கின் கதவு வழியாகத்தான் இப்போது உள்ளே போக வேண்டியிருக்கிறது. வேறு கதவுக்கு அவளிடம் சாவி இல்லை. ரேடியோ சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அதைச் சரி என்று ஒப்புக்கொண்ட பிறகும் ஞாயிற்றுக்கிழமை வரத்தான் போகிறது.

கூட்டம் ஐந்தாவது மாடியில், மொட்டை மாடிக்குப் போகும் வழியில் உள்ள சின்ன அறையில். காலை பத்தரைக்குக் கணவர் நாளிதழை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். வருகிறீர்களா என்று அவள் கேட்கவில்லை. வெளுத்த புடவை ஒன்றை உடுத்தி, ரசீதை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். பழக்கத்தில் கால் படிப்பக்கம் திரும்பியது. நிறுத்தி, லிஃப்டின் பொத்தானை அழுத்தினாள். உள்ளே ஒரு பெரிய கண்ணாடி. பதினான்கு வருடமாகக் கட்டடமே தலை வாரிக்கொள்கிற கண்ணாடி. அவள் அதில் இன்றுதான் தன்னைப் பார்க்கிறாள். விரல் நகங்களில் பித்தளைத் தூள், தோளில் ஒரு பக்கச் சாய்வு, கருவிப்பெட்டி கொடுத்த சாய்வு. பரவாயில்லை என்று தோன்றியது. பரவாயில்லை என்பதற்கும் மேலே ஒன்று தோன்றியது. எண் இரண்டு, மூன்று என்று மாறுவதைப் பார்த்துக்கொண்டே முதுகை நிமிர்த்தி நின்றாள். மேலே போவது இத்தனை சுலபமா என்று கோபமும் வந்தது.

பதினேழு வீட்டுக்காரர்கள் வந்திருந்தார்கள். தரைத்தளத்தின் மற்ற வீடு வருடக்கணக்காகப் பூட்டிக் கிடக்கிறது, அதனால் கீழிருந்து அவள் ஒருத்திதான். பேச்சு ஒழுங்காகத்தான் நடந்தது. யாரும் யாரையும் கேவலமாகப் பேசவில்லை. லிஃப்ட் ஒரு வருடத்தில் மூன்று முறை நின்றது, செலவு ஏறுகிறது, வெளியாட்கள் நடமாட்டம் அதிகம், பாதுகாப்பு முக்கியம் என்றார் செயலாளர். நான்காவது மாடிக்காரர் ஒருவர், துடைப்பமும் வாளியுமாக ஒரே லிஃப்டில் வருவது சங்கடமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, தப்பா எடுத்துக்காதீங்க என்றும் சேர்த்துக்கொண்டார். யாரை நோக்கி அதைச் சொன்னார் என்று தெரியவில்லை. எடுத்துக்கொள்ள வேண்டியவர்கள் அந்த அறையில் இல்லை.

அவள் முறை வந்தது. எழுந்து நின்றாள். வீட்டில் சொல்லிப் பார்த்ததெல்லாம் மறந்துபோனது.

“நான் பூட்டு வேல செய்றவ. ஆளுங்க எதுக்குப் பூட்டுப் போடுவாங்கன்னு எனக்குத் தெரியும். பயம் இருக்கற எடத்துலதான் போடுவாங்க. இங்க வேலைக்கு வர்றவங்க கையில உங்கள்ல பல பேரு வீட்டுச் சாவியே குடுத்து வெச்சிருக்கீங்க. நீங்க ஆபீஸ் போனப்புறம் அவங்களே தெறந்து, வேலைய முடிச்சு, பூட்டிட்டுப் போறாங்க. அந்தச் சாவி யாராருக்கு வெட்டினதுன்னு நான் சொல்ல மாட்டேன். என் தொழில்ல அது பழக்கம் இல்ல. நீங்களே மனசுக்குள்ள எண்ணிக்கங்க.”

யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள்.

“பீரோ இருக்கற வீட்டுக்குள்ள தனியா போகலாம். கண்ணாடி மட்டும் இருக்கற பொட்டிக்குள்ள போகக் கூடாது. இது பாதுகாப்புன்னா, நான் இத்தன வருஷம் செஞ்ச வேல என்னன்னு எனக்கே புரியல. அவ்வளவுதான்.”

உட்கார்ந்தாள்.  இரண்டாவது மாடி ஆசிரியை மெதுவாகத் தலையாட்டினார். நான்காவது மாடிக்காரர் தன் கைப்பேசியைப் பார்த்தார். கை தூக்கச் சொன்னார்கள். ஆதரவாகப் பத்து, எதிராக ஏழு. தீர்மானம் நிறைவேறியது. எண்ணி முடித்த செயலாளர் தீர்மானப் புத்தகத்தில் எழுதத் தொடங்கியபோது அவள் போய் அவர் தோளுக்குப் பின்னால் நின்றாள்.

“வீட்டு நம்பரும் எழுதுங்க சார். தரைத்தளம், இடப்பக்கம், எதிர்ப்பு.”

“அப்படி எழுதற வழக்கம் இல்லம்மா.”

“எழுதக் கூடாதுன்னு விதி இருக்கா?”

அவர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு எழுதினார். நல்ல கையெழுத்து. மை காயும்வரை அவள் அங்கேயே நின்றாள். தோற்றுவிட்டு இவ்வளவு நிமிர்ந்து நிற்க முடியும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. பதினான்கு வருடத்தில் இந்தக் கட்டடத்தின் புத்தகத்தில் அவள் வீட்டைப் பற்றி இரண்டு வரிதான் இருக்கிறது. முதல் வரி, எங்களைக் கணக்கில் சேர்க்காதே என்கிறது.

மறுநாள் காலை ரேடியோ, “தோத்துட்டியாமே” என்றாள்.

“ஆமா.”

“உன் பேச்சு அஞ்சு மாடியிலயும் நாறுது. சாவி குடுத்த வீட்டம்மா ஒருத்தி நேத்து என்கிட்ட சாவிய திருப்பிக் கேட்டு வாங்கிட்டா. இன்னிக்குக் காலையிலேயே திரும்பக் குடுத்துட்டா. அவ ஆபீசுக்குப் போகணும்ல?” சொல்லிவிட்டுச் சிரித்தாள், வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீளமாக. பிறகு மேலே வேலைக்குப் போனாள்.

அட்டை வேலை சாவிக்காரம்மாவிடமே வந்தது. செய்தாள். எதிர்த்து ஓட்டுப் போட்டது ஒன்று, கூலிக்கு வேலை செய்வது ஒன்று. இரண்டையும் அவள் குழப்பிக்கொள்ளவில்லை. இருபது வீட்டுக்கு நாற்பது, பணம் கட்டியதால் அவள் வீட்டுக்கு இரண்டு, மொத்தம் நாற்பத்திரண்டு. ஒன்று பதியும்போது கெட்டது. கத்தரியால் இரண்டாக வெட்டி, துண்டுகளைத் தனி உறையில் போட்டு, நாற்பத்திரண்டோடு சேர்த்துச் செயலாளரிடம் கொடுத்தாள். அவர் எண்ணினார், துண்டுகளையும் எண்ணினார். பிறகு வீட்டு எண் எழுதிய உறைகளில் இரண்டிரண்டாகப் போட்டு, அவளுடைய உறையை அங்கேயே அவளிடம் நீட்டினார். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள். கூலியில் அவளுக்கு நின்ற லாபம், லிஃப்டுக்குக் கட்டிய பணத்துக்குச் சில நூறு குறைவு. அதை யாரிடமும் சொல்லவில்லை.

அட்டைகளை மேஜை மேல் வைத்துவிட்டு அவளும் கணவரும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஓட்டெடுப்புக்குப் பிறகு அவர் சரியாகப் பேசுவதில்லை. கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான்.

“எங்க போறதுக்கு ரெண்டு கார்டு?” என்றார். “கீழருந்து கீழயா?”

அவள் ஒரு அட்டையை எடுத்து, அறிவிப்பின் நகலைப் பக்கத்தில் வைத்து இன்னொரு முறை படித்தாள். வீட்டுக்கு இரண்டு அட்டை வழங்கப்படும். தொலைந்தால் புதிய அட்டைக்குக் கட்டணம். அட்டை வைத்திருப்பவர் லிஃப்டைப் பயன்படுத்தலாம். அவ்வளவுதான் இருந்தது. அவள் விரல் அந்தக் கடைசி வரிமேல் அப்படியே நின்றது. பிறகு எழுந்துபோய், பட்டறையில் கிடந்த மரத்துண்டில் ஒரு சாண் நீளம் அறுத்து, ஓட்டை போட்டு, அட்டையை ஒரு கயிற்றில் அதோடு சேர்த்துக் கட்டினாள். பெட்ரோல் பங்கு கழிப்பறைச் சாவிக்குக் கட்டுகிற மாதிரி. யாரும் மறந்து சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போக முடியாது.

கணவர் வேடிக்கை பார்த்தார். மரத்துண்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். என்ன செய்யப்போகிறாள் என்று புரிய அவருக்கு அரை நிமிடம் ஆனது. பணிமனையில் முப்பத்தொரு வருடமாக வேலை பார்ப்பவர். அரை நிமிடம் அவருக்கு அதிகம்.

“இது உங்க கார்டு. உங்க இஷ்டம்” என்றார் மெதுவாக. அவளை ‘உங்க’ என்று சொல்வது, அவர் கிண்டலாகவோ மரியாதையாகவோ பேசும்போது மட்டும்தான். இது எது என்று அவளுக்குத் தெரியவில்லை. “ஆனா இப்படி மொட்டையா மாட்டக் கூடாது. யாரு எடுத்தாங்க, எப்ப எடுத்தாங்க, எப்ப வெச்சாங்க, எழுதணும். இல்லன்னா ஒரு வாரத்துல காணாமப் போயிரும்.”

அவரே ஒரு பழைய நோட்டை எடுத்துக் கோடு போட்டார். பெயர், எடுத்த நேரம், வைத்த நேரம், கையெழுத்து. நான்கு கட்டம். மறுநாள் வேலைக்குப் போகும் முன் அதை ஜன்னல் விளிம்பில் கயிறு கட்டிவைத்தார். அட்டையை மாட்ட இடம் தேடினார். வெளியே நிற்பவர் கைக்கு எட்டும் உயரத்தில் ஜன்னலில் ஒரே ஒரு ஆணிதான் இருந்தது. அதில் கடிதம் இருந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கழற்றி, உறையின் மேல் இருந்த தூசியைச் சட்டைக் கையால் துடைத்து, பீரோவுக்குள் வீட்டுப் பத்திரத்தோடு வைத்துப் பூட்டினார். “நியாயமான வரிதான்” என்றார், யாரிடம் என்றில்லாமல்.

லிஃப்ட் அட்டை கேட்கத் தொடங்கிய முதல் நாள் அது. ஏழு மணிக்கு ரேடியோ வந்தாள். ஆணியையும் மரத்துண்டையும் நோட்டையும் பார்த்தாள்.

“இது என்ன கூத்து?”

“என் கார்டு. யாருக்கு வேணுமோ எடுத்துட்டுப் போகலாம். எழுதிட்டுப் போகணும்.”

“எழுத வராதுன்னு நெனச்சியா?” பேனாவைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். ரேடியோ என்று எழுதவில்லை. முதலெழுத்தோடு தன் முழுப் பெயரை எழுதினாள், அடுத்த பக்கத்திலும் தடம் விழும்படி அழுத்தி. “முன்னாலயே ஒண்ணு அடிச்சுக் குடுத்திருந்தா இத்தன கூத்து இருந்திருக்காது” என்றாள். மரத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு லிஃப்டைப் பார்த்து நடந்தாள். நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சாவிக்காரம்மாவுக்குத்தான் கூச்சமாக இருந்திருக்கும்.

இரண்டு வாரத்தில் நோட்டில் பதினொரு பெயர்கள் சேர்ந்தன. தண்ணீர்க் கேன் போடுகிறவர், ஐந்தாவது மாடிப் படுக்கை நோயாளியைப் பார்த்துக்கொள்கிற தாதி, ஒரு முறை அட்டையை மறந்துவிட்டுக் கீழே இறங்கிய இரண்டாவது மாடி ஆசிரியை. அவரும் வரிசையில் எழுதினார். கணவர் தினமும் மாலையில் நோட்டைப் பார்த்து, வைத்த நேரம் எழுதாமல் விட்டவர்களுக்குப் பக்கத்தில் சிவப்பில் சுழித்துவைத்தார்.

பதினாறாவது நாள் காலையில் செயலாளர் ஜன்னலுக்கு வந்தார். விதிப் புத்தகம் கக்கத்தில் இருந்தது. அவர் அதை மூன்று முறையாவது படித்திருப்பார் என்று அவளுக்குத் தோன்றியது. படித்து எதுவும் கிடைக்காத முகம்.

“கார்ட அடுத்தவங்களுக்குக் குடுக்கக் கூடாதுன்னு விதி ஒண்ணும் இல்லம்மா. நான் எழுதியிருக்கணும். என் தப்பு.”

“ஆமா சார்.”

“அடுத்த கூட்டத்துல கொண்டுவரலாம்னு சில பேர் சொல்றாங்க.”

“கொண்டு வரட்டும் சார். அதுக்கும் ஓட்டெடுப்பு வெப்பீங்கல்ல?”

“வெக்கணும்.”

“எனக்கு ஒண்ணு இருக்கு.”

அவர் தலையசைத்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நோட்டின் மேல் குனிந்தார். தணிக்கைக்காரரின் விரல், கட்டங்களின் மேல் மேலிருந்து கீழாக ஓடியது. ஒரு சிவப்புச் சுழியில் நின்று, அதை ஒப்புக்கொண்டு, கீழே இறங்கியது. “ஒழுங்கா இருக்கு” என்றார், மனசே இல்லாமல். பிறகு ஆணியைப் பார்த்தார். ஆணி வெறுமையாக இருந்தது.

“கார்டு எங்க?”

“மேல போயிருக்கு.”

இரண்டு பேரும் லிஃப்ட் கதவுக்கு மேலே எரியும் எண்ணைப் பார்த்தார்கள். ஐந்து. கொஞ்ச நேரம் ஐந்திலேயே நின்றது. பிறகு நான்கு. இறங்கும் கம்பிகளின் சத்தத்துக்கு நடுவில், மரத்துண்டு உள்ளே கண்ணாடியில் மோதுகிற சத்தம் டக், டக் என்று கேட்டது. அதற்கும் மேலே ரேடியோவின் குரல், யாருக்கோ ஏதோ சொல்லிக்கொண்டு, மாடி மாடியாகக் கீழே வந்துகொண்டிருந்தது.